ஜெடிடையா ஸ்ட்ரட்

ஜெடிடையா ஸ்ட்ரட் (சூலை 28, 1726 – மே 7, 1797) இங்கிலாந்தின் டார்பிசயர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு புத்தாக்குநரும் தொழிலதிபரும் ஆவார். காலுறை பின்னும் பொறியில் ரிப் பின்னலை உருவாக்க உதவிய "டார்பி ரிப்" என்னும் இணைப்புப் பொறியை 1758 - 1759 காலப்பகுதியில் செயல்வடிவத்துக்குக் கொண்டுவந்ததற்காக இவர் அறியப்படுகிறார். பின்னர் ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் கூட்டாளியாகப் பருத்தி நூற்பில் ஈடுபட்ட இவர், பெல்பர், மில்போர்டு ஆகிய ஊர்களில் நீராற்றலால் இயங்கும் ஆலைகளை நிறுவினார். தொழிற்புரட்சியின் தொடக்கக் காலத்தில் ஆலைத்தொழில் முறை உருவாவதற்குக் காரணமானவர்களுள் இவரும் ஒருவர்.

தொடக்க வாழ்க்கை

ஸ்ட்ரட் டார்பிசயரில் உள்ள சவுத் நார்மன்டன் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை வில்லியம் ஸ்ட்ரட் ஒரு சிறு உழவர். மூன்று ஆண் மக்களுள் இவர் இரண்டாமவர். குடும்பத்துக்குப் பெருஞ்செல்வம் இருக்கவில்லை. எனவே 1740 ஆம் ஆண்டில், தனது 14 ஆம் அகவையில், டார்பி நகருக்கு அருகில் உள்ள பின்டர்ன் என்னும் ஊரில் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர் ஒருவரிடம் ஏழாண்டுகள் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். மரத்தையும் இரும்பையும் ஒன்றோடொன்று பிசகாமல் பொருத்தும் இத்தொழிற் பயிற்சி, பிற்காலத்தில் இவர் பொறிகளைக் கையாள்வதற்குப் பெரிதும் துணைபுரிந்தது.

பின்டர்னில் இவர் வூலட் குடும்பத்தாரின் வீட்டில் தங்கியிருந்தார். அவர்கள் காலுறை வணிகத்தில் ஈடுபட்டவர்கள். இங்கிலாந்துத் திருச்சபையை ஏற்காத மறுப்பாளர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அக்காலத்தில் அந்த ஊரில் மறுப்பாளருக்கான கல்விக்கழகம் ஒன்றும் இயங்கி வந்தது. மறுப்பாளர்களுக்குப் பல்கலைக்கழகங்களின் வாயில்களும் அரசுப் பதவிகளும் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தன. அதனால் அறிவும் முயற்சியும் உடையோர் பலர் வணிகத்திலும் தொழிலிலும் ஈடுபட்டனர். ஸ்ட்ரட்டின் வாழ்நாள் முழுவதும் அவருக்கு முதலீடும் நட்பும் கிடைத்தது பெரும்பாலும் இந்த வட்டத்திலிருந்தே ஆகும்.

பயிற்சி முடிந்தபின் இவர் லெஸ்டர் நகருக்குச் சென்று சுமார் ஏழாண்டுகள் கூலிக்குத் தச்சுவேலை செய்தார். 1754 இல் இவரது சிற்றப்பா காலமானார். பிளாக்வெல் என்னும் ஊரில் அவர் நடத்திவந்த பண்ணையின் கால்நடைகளும் கருவிகளும் ஸ்ட்ரட்டுக்குக் கிடைத்தன. குத்தகை உழவராக வாழும் நிலை உருவானதால், தான் விரும்பியிருந்த எலிசபெத் வூலட்டை 1755 செப்டம்பரில் திருமணம் செய்துகொண்டார். எலிசபெத் அதற்குமுன் இலண்டனில் ஜார்ஜ் பென்சன் என்னும் சமய அறிஞரின் வீட்டில் பணிபுரிந்தவர்.

பின்புலம்: காலுறைப் பின்னற்பொறி

பின்னலைக் கையால் செய்வதற்கு மாற்றாக அமைந்த முதற் பொறி, நாட்டிங்காம் அருகில் உள்ள கால்வர்ட்டன் என்னும் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ என்பவரால் 1589 இல் உருவாக்கப்பட்டது. இதில் ஊசிகள் கிடையாக, ஒரே வரிசையில் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வோர் ஊசியின் நுனியும் பின்னோக்கி வளைந்து நீண்ட கொக்கியாக இருக்கும். அதன் இயக்கத்தைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்.

- நூல் ஊசிகளின் மேல் குறுக்காக இடப்படும்.
- ஊசிகளுக்கு இடையில் உள்ள மெல்லிய தகடுகள் கீழிறங்கி, நூலை ஒவ்வோர் ஊசியிடத்தும் வளைவாக்கும்.
- இவ்வாறு உருவான புதிய வளைவுகள் கொக்கிகளுக்குள் தள்ளப்படும்.
- ஓர் அழுத்துச் சட்டம் கொக்கிகளை அழுத்தி மூடும்.
- முன்னரே ஊசியில் இருந்த பழைய கண்ணிகள் மூடிய கொக்கியின் மேல் வழுக்கி விழ, புதிய வளைவுகள் அவற்றின் ஊடாக வெளிப்பட்டுப் புதிய கண்ணிகளாகும்.

கையால் பின்னுபவர் ஒவ்வொரு கண்ணியாகச் செய்ததை இப்பொறி ஒரு முழு வரிசையாக ஒரே தடவையில் செய்தது. ஆயினும் அதற்கு ஒரு வரம்பு இருந்தது. எல்லா ஊசிகளும் ஒரே பக்கத்தை நோக்கியிருந்ததால், எல்லாக் கண்ணிகளும் ஒரே திசையிலேயே இழுக்கப்பட்டன. எனவே வெறும் சமதளப் பின்னலை மட்டுமே அதனால் உருவாக்க முடிந்தது. கையால் பின்னுபவர்கள் எளிதாகச் செய்த ரிப் பின்னல், சுமார் 170 ஆண்டுகள் வரை பொறிக்கு எட்டாததாகவே இருந்தது.

ரிப் பின்னல்

ஒரு பின்னல் கண்ணிக்கு இரண்டு தோற்றங்கள் உண்டு. புதிய கண்ணி பழைய கண்ணியின் ஊடாகப் பார்ப்பவரை நோக்கி வந்தால் அது முகக் கண்ணி. அது ஆங்கில எழுத்து வி போலத் தோன்றும். பார்ப்பவரிடமிருந்து விலகிச் சென்றால் அது பின்முகக் கண்ணி. அது சிறு அரைவட்டமாகத் தோன்றும். கிடையாகச் செல்லும் கண்ணி வரிசை "வரிசை" எனவும், ஒன்றன் மேல் ஒன்றாக மேல்நோக்கிச் செல்லும் கண்ணித் தொடர் "நிரல்" எனவும் இங்கு குறிக்கப்படுகின்றன.

சமதளப் பின்னலில் துணியின் ஒரு பக்கம் முழுவதும் முகக் கண்ணிகளும், மறுபக்கம் முழுவதும் பின்முகக் கண்ணிகளும் இருக்கும். இத்துணியின் ஓரங்கள் சுருளும் தன்மை உடையவை. ரிப் பின்னலில் சில நிரல்கள் முகக் கண்ணிகளாலும், அடுத்த சில நிரல்கள் பின்முகக் கண்ணிகளாலும் மாறிமாறி அமைகின்றன. முக நிரல்கள் முன்னே புடைக்க, பின்முக நிரல்கள் உள்ளே ஒடுங்குவதால், துணியில் விலா எலும்புகளை ஒத்த நெடுங்கோடுகள் தோன்றுகின்றன. விலா எலும்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே "ரிப்" என்பதாகும்.

இவ்வமைப்பினால் துணிக்குச் சில பயனுள்ள பண்புகள் கிடைக்கின்றன.

- அகலவாக்கில் மிகவும் நெகிழ்ந்து கொடுக்கும். இழுத்துவிட்டால் மீண்டும் பழைய அகலத்துக்குச் சுருங்கும்.
- இருபக்கமும் இழுவிசை சமமாவதால் 1×1 ரிப் துணியின் ஓரங்கள் சுருளுவதில்லை.
- அதே எண்ணிக்கை ஊசிகளில் பின்னிய சமதளத் துணியைவிடத் தடிப்பானது, அகலம் குறைந்தது.

காலுறை கணுக்காலிலும் முழந்தாளிலும் நழுவாமல் பற்றிக்கொள்வதற்கு இப்பண்பே தேவைப்பட்டது. 18 ஆம் நூற்றாண்டில் ஆண்கள் முழங்கால் வரையுள்ள காற்சட்டையும் அதன்கீழ் நீண்ட காலுறையும் அணிந்தனர். எனவே காலில் சுருக்கமின்றிப் படியும் ரிப் காலுறைக்குச் சந்தையில் பெரும் தேவை இருந்தது.

டார்பி ரிப் பொறி

தோற்றம்

திருமணமான சில காலத்துக்குள், எலிசபெத்தின் உடன்பிறந்தாரும் காலுறை வணிகருமான வில்லியம் வூலட், பொறியில் ரிப் காலுறை பின்னுவதற்கு நடந்துவந்த முயற்சிகளைப் பற்றி ஸ்ட்ரட்டிடம் எடுத்துரைத்தார். லாக்கோ என்னும் ஊரைச் சேர்ந்த ரோப்பர் என்பவர் அவ்வாறான கருவி ஒன்றை உருவாக்கி, ஒருசில காலுறைகளையும் பின்னியிருந்தார். ஆயினும் அதனை முழுமையான பொறியாக வளர்த்தெடுக்க அவர் முயலவில்லை. ஸ்ட்ரட்டும் வூலட்டும் அவரிடமிருந்து அதனை விலைக்கு வாங்கினர். ஒரு குதிரையை விற்றுப் பெற்ற 5 பவுண்டைக் கொண்டே அது வாங்கப்பட்டது என்று கூறப்படுகிறது.

ஆகவே ரிப் பொறியின் மூலக் கருத்து ஸ்ட்ரட்டுக்கு உரியதன்று. அதனைத் தொழிலகத்தில் நாள்தோறும் இயங்கக்கூடிய நம்பகமான பொறியாக மாற்றியதே அவரது பணியாகும். இதற்கு அவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடித்தன.

இம்முயற்சிக்குப் பணம் தேடுவது எளிதாக இருக்கவில்லை. எலிசபெத் இலண்டனுக்குச் சென்று, தன் பழைய முதலாளியான பென்சனின் உதவியை நாடினார். தம் இரண்டாம் மகனுக்கு அவர்கள் ஜார்ஜ் பென்சன் என்று பெயரிட்டமை அவர்மீது கொண்டிருந்த மதிப்பைக் காட்டுகிறது. டார்பியைச் சேர்ந்த காலுறை வணிகர்கள் தொடக்கத்தில் கூட்டாளிகளாக இணைந்தனர். பின்னர் நாட்டிங்காமின் செல்வந்த வணிகரான சாமுவேல் நீட் கூட்டுச் சேர்ந்தார். அவரும் மறுப்பாளர் சமயத்தவரே.

அமைப்பும் இயக்கமும்

ஸ்ட்ரட் வில்லியம் லீயின் பொறியை மாற்றியமைக்கவில்லை. மாறாக, அதன் முன்புறத்தில் பொருத்தக்கூடிய ஓர் இணைப்பை உருவாக்கினார். அதில் இரண்டாவது ஊசித் தொகுதி ஒன்று செங்குத்தாக அமைந்திருந்தது. லீயின் பொறியில் ஊசிகள் கிடையாக இருந்தன. புதிய ஊசிகள் அவற்றின் இடைவெளிகளில் மேலெழுந்து, தாம் பற்றிய கண்ணிகளை எதிர்த்திசையில் இழுத்தன. இவ்வாறு கிடை ஊசிகளில் முகக் கண்ணிகளும், செங்குத்து ஊசிகளில் பின்முகக் கண்ணிகளுமாக ஒரே துணியில் இருவகை நிரல்கள் உருவாயின.

செங்குத்து ஊசிகளை எத்தனை ஊசிகளுக்கு ஒருமுறை வைப்பது என்பதைப் பொறுத்து ரிப்பின் அகலம் மாறும். இணைப்பைப் பயன்படுத்தாதபோது பழைய பொறி வழக்கம்போலச் சமதளத் துணியைப் பின்னும். ஏற்கனவே ஆயிரக்கணக்கில் பயன்பாட்டில் இருந்த பொறிகளைக் கைவிடாமல் மேம்படுத்த முடிந்தது இவ்வமைப்பின் பெரிய நன்மையாகும். பின்னலாளர்கள் தம் வீட்டிலோ சிறு பட்டறையிலோ இருந்தபடியே இதனை இயக்கினர்.

காப்புரிமையும் வழக்குகளும்

ஸ்ட்ரட், வூலட் இருவரின் பெயரிலும் 1758 ஏப்ரலிலும் 1759 சனவரியிலும் இரண்டு காப்புரிமைகள் வழங்கப்பட்டன. பொறியில் உருவான துணி "டார்பி காப்புரிமை ரிப்" என்ற பெயரில் விற்பனையானது. அதன் வெற்றியைக் கண்ட டார்பி, நாட்டிங்காம் வணிகர்கள் சிலர் அனுமதியின்றி அதனைப் பின்பற்றினர். காப்புரிமையை நீக்கவும் முயன்றனர். வழக்குகளின் முடிவில் காப்புரிமை நிலைத்தது. அக்காலத்தில் புத்தாக்கம் செய்த பலர் வழக்காடியே வறியவராயினர். ஸ்ட்ரட்டுக்கு நீட்டின் செல்வம் பக்கபலமாக இருந்தது.

காப்புரிமைக் காலம் முடிவதற்குள் ஸ்ட்ரட்டும் அவரது கூட்டாளிகளும் பெருஞ்செல்வம் ஈட்டினர். 1760களில் டார்பியில் பட்டு ஆலை ஒன்றையும் நடத்தினர். காப்புரிமை முடிந்தபின் இப்பொறி பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. காலுறைப் பொறியின் கண்ணிகளை இணைப்புக் கருவிகளால் இடம்மாற்ற முடியும் என்பதை இது தெளிவாக்கியமையால், துளைப் பின்னல், வலைப் பின்னல் முதலியவற்றுக்கான கருவிகளும் அடுத்த சில பதின்மங்களில் அதே வட்டாரத்தில் தோன்றின. நாட்டிங்காமின் புகழ்பெற்ற பொறி லேஸ் தொழில் இந்த மரபில் வளர்ந்ததாகும்.

ரிப் பின்னலின் கலைச்சொற்கள்

இன்றைய பின்னலாடைத் தொழிலில் வழங்கும் ரிப் தொடர்பான சொற்கள் பல, ஸ்ட்ரட் உருவாக்கிய இரு ஊசித் தொகுதி அமைப்பை அறிந்தால் எளிதில் விளங்கும்.

இரு படுகைகள்: தட்டைப் பின்னற் பொறியில் இரண்டு ஊசிப் படுகைகள் கூரை போலச் சாய்ந்து எதிரெதிராக இருக்கும். வட்டப் பின்னற் பொறியில் நின்றநிலை ஊசிகளைக் கொண்ட உருளையும், கிடைநிலை ஊசிகளைக் கொண்ட தட்டும் இருக்கும். இவை முறையே "சிலிண்டர்", "டயல்" எனப்படுகின்றன. வீட்டுப் பின்னற் பொறிகளில் கூடுதலாகப் பொருத்தப்படும் இரண்டாம் படுகை "ரிப்பர்" எனப்படும். பெயரிலும் செயலிலும் இது ஸ்ட்ரட்டின் இணைப்புக்கு மிக நெருக்கமானது.

1×1, 2×2 முதலியன: முதல் எண் அடுத்தடுத்து வரும் முக நிரல்களின் எண்ணிக்கையையும், இரண்டாம் எண் அடுத்தடுத்து வரும் பின்முக நிரல்களின் எண்ணிக்கையையும் குறிக்கும். இவ்வெண்கள் துணியின் தோற்றத்தைக் கூறுகின்றனவே அன்றி, பொறியில் ஊசிகள் எவ்வாறு நிறுத்தப்பட்டன என்பதைக் கூறுவதில்லை. கற்போருக்கு ஏற்படும் குழப்பம் பெரும்பாலும் இதிலிருந்தே தோன்றுகிறது. எடுத்துக்காட்டாக, 2×2 ரிப்பை ஒவ்வொரு படுகையிலும் மூன்று ஊசிகளில் இரண்டை இயக்கியும் பின்னலாம். நான்கில் இரண்டை இயக்கியும் பின்னலாம். முன்னது "சுவிஸ் ரிப்" எனவும் பின்னது "இங்கிலீஷ் ரிப்" எனவும் தொழில்நூல்களில் வேறுபடுத்தப்படுகின்றன.

டார்பி ரிப்: வரலாற்றில் இச்சொல் ஸ்ட்ரட்டின் பொறியையும், அதில் உருவான துணியையும் குறித்தது. இன்று இது 6×3 அமைப்புடைய அகன்ற ரிப்பின் பெயராகவும் வழங்குகிறது. எனவே பழைய நூல்களில் இப்பெயரைக் காண்போர் அதனை 6×3 என்று மட்டும் பொருள்கொள்ளக் கூடாது.

ரிப் பொருத்தமும் இன்டர்லாக் பொருத்தமும்: ஒரு படுகையின் ஊசி மறுபடுகையின் இடைவெளிக்கு நேராக நின்றால் அது ரிப் பொருத்தம். ஊசிக்கு ஊசி நேராக நின்றால் அது இன்டர்லாக் பொருத்தம். பிந்தைய அமைப்பில் எதிரெதிர் ஊசிகள் ஒரே நேரத்தில் இயங்கினால் மோதிக்கொள்ளும் என்பதால் அவை முறைமாறி இயக்கப்படுகின்றன. இதனால் உருவாகும் இன்டர்லாக் துணி, ஒன்றோடொன்று பிணைந்த இரு 1×1 ரிப் துணிகளே ஆகும்.

கார்டிகன் வகைகள்: ஒரு கண்ணியை விடுவிக்காமலே அதன்மேல் மேலும் ஒரு நூல்வளைவை ஏற்பது "டக்" எனப்படும். ரிப்பில் ஒரு படுகை மட்டும் ஒன்றுவிட்ட வரிசைகளில் இவ்வாறு செய்தால் அது அரைக் கார்டிகன். இரு படுகைகளும் முறைமாறிச் செய்தால் அது முழுக் கார்டிகன். இவற்றின் பெயர்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன.

ஆர்க்ரைட்டுடன் கூட்டு

காலுறைத் தொழிலில் நூலின் தட்டுப்பாடு அடிக்கடி ஏற்பட்டது. 1769 இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தனது நூற்புப் பொறிக்குக் காப்புரிமை பெற்று, நாட்டிங்காமில் முதலீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். சாமுவேல் நீட்டும் ஸ்ட்ரட்டும் அவருடன் கூட்டுச் சேர்ந்தனர். ஆர்க்ரைட்டின் பொறியில் பஞ்சிழைகள் உருளைகளில் ஒட்டிக்கொண்டபோது, ஸ்ட்ரட் அவ்வுருளைகளில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து அக்குறையை நீக்கினார் என்றொரு கதை வழங்குகிறது.

1771 இல் டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள குரோம்போர்டில் இக்கூட்டாளிகள் நீராற்றலால் இயங்கும் நூற்பாலையைத் தொடங்கினர். பின்னலாளர் வீட்டில் இருந்தபடி வேலை செய்த பழைய முறைக்கு மாறாக, தொழிலாளரை ஒரே கூரையின்கீழ், ஆலையின் மணியொலிக்கு ஏற்ப இயங்கச்செய்த முறை இதுவாகும்.

1774 ஆம் ஆண்டுச் சட்டம்

கூட்டாளிகள் உற்பத்தி செய்த உறுதியான பருத்தி நூலைக் கொண்டு முழுப் பருத்தித் துணி நெய்ய முடிந்தது. ஆனால் சட்டம் அதற்குத் தடையாக இருந்தது. சோழமண்டலக் கரை உள்ளிட்ட இந்தியப் பகுதிகளிலிருந்து வந்த அச்சிட்ட பருத்தித் துணிகளால் ஆங்கிலக் கம்பளி, பட்டுத் தொழில்கள் பாதிக்கப்பட்டதாகக் கூறி, 1700 இலும் 1721 இலும் பிரித்தானிய நாடாளுமன்றம் தடைச்சட்டங்களை இயற்றியிருந்தது. இந்திய நெசவாளரை நோக்கி வீசப்பட்ட அத்தடை, அரை நூற்றாண்டுக்குப் பின் ஆங்கிலேயப் பருத்தித் தொழிலுக்கே இடையூறாயிற்று.

ஸ்ட்ரட்டும் கூட்டாளிகளும் நாடாளுமன்றத்தில் முறையிட்டனர். 1774 இல் இயற்றப்பட்ட சட்டம், பிரித்தானியாவில் உருவாக்கப்பட்ட முழுப் பருத்தித் துணியை அச்சிடவும் அணியவும் அனுமதித்ததுடன், அதன்மீதான வரியையும் கெசத்துக்கு 3 பென்சாகக் குறைத்தது. உள்நாட்டுத் துணியை அடையாளம் காண அதன் கரையில் மூன்று நீல நூல்கள் இடப்பட வேண்டும் என்றும் விதித்தது. இந்தச் சட்டம் பிரித்தானியப் பருத்தித் தொழிலின் பெருவளர்ச்சிக்கு வழிவகுத்தது. இதே ஆண்டு மே மாதத்தில் எலிசபெத் இலண்டனில் காலமானார்.

பெல்பர், மில்போர்டு ஆலைகள்

1770களின் பிற்பகுதியில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் உள்ள பெல்பரிலும், அடுத்து அதன் தெற்கே மில்போர்டிலும் ஆலைகள் எழுப்பப்பட்டன. 1781 இல் சாமுவேல் நீட் இறந்ததை அடுத்து ஆர்க்ரைட்டுடனான கூட்டு முடிவுக்கு வந்தது. குரோம்போர்டு ஆர்க்ரைட்டுக்கும், பெல்பரும் மில்போர்டும் ஸ்ட்ரட்டுக்கும் உரியனவாயின. 1780களின் நடுப்பகுதியில் பெல்பரில் வடக்கு ஆலை கட்டப்பட்டது.

அதற்குமுன் ஆணி செய்வோரின் சிற்றூராக அறியப்பட்டிருந்த பெல்பர், விரைவாக ஒரு தொழில் நகராக வளர்ந்தது. தொழிலாளரை ஈர்ப்பதற்காக ஸ்ட்ரட் குடும்பத்தினர் வீடுகளைக் கட்டினர். ஞாயிற்றுப் பள்ளியையும், 1788 இல் ஒருமைவாதக் கிறித்தவர்களுக்கான வழிபாட்டிடத்தையும் அமைத்தனர். பெல்பரில் உள்ள "லாங் ரோ" எனப்படும் வீட்டுத் தொடர் இன்றும் காணத்தக்கதாக உள்ளது.

தொழிலாளர் நிலை

இவ்வாலைகளில் வேலை செய்தோருள் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர் சிறுமியரும் ஆவர். ஆலை அமைந்த சிற்றூர்களில் குடும்பத்தோடு குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகளே பெரிதும் பணியமர்த்தப்பட்டனர். வேலை நாள் நீண்டது. தாமதம், கவனக்குறைவு முதலியவற்றுக்குத் தண்டத்தொகை பிடிக்கப்பட்டது. அக்கால ஆலைகள் பலவற்றோடு ஒப்பிடுகையில் ஸ்ட்ரட்டின் ஆலைகள் மேலானவை எனக் கருதப்பட்டன. ஆயினும் வீடு, பள்ளி, வேலை ஆகிய மூன்றும் ஒரே முதலாளியின் கையில் இருந்தமையால், தொழிலாளரின் வாழ்க்கை முழுவதும் அவரது கட்டுப்பாட்டுக்குள் அமைந்தது.

இவ்வாலைகளில் நூற்கப்பட்ட பஞ்சின் பெரும்பகுதி அத்திலாந்திக் பெருங்கடலுக்கு அப்பால், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பால் விளைந்தது. டெர்வென்ட் பள்ளத்தாக்கின் செல்வத்துக்கும் அடிமை முறைக்கும் இடையிலான இத்தொடர்பை அண்மைக்கால வரலாற்றாய்வுகள் வலியுறுத்துகின்றன.

சாமுவேல் சிலேட்டர்

பெல்பரில் பிறந்த சாமுவேல் சிலேட்டர் 1783 இல் ஸ்ட்ரட்டிடம் மில்போர்டு ஆலையில் தொழில் பழகச் சேர்ந்தார். பொறிகளின் அமைப்பையும் ஆலையை நடத்தும் முறையையும் ஆறாண்டுகளுக்கும் மேலாகக் கற்றறிந்தார். நெசவுத் தொழில் நுட்பம் அறிந்தோர் நாட்டைவிட்டு வெளியேறுவதை அக்காலப் பிரித்தானியச் சட்டம் தடைசெய்திருந்தது. 1789 இல் சிலேட்டர் தம்மை உழவுத் தொழிலாளி எனக் காட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ரோட் தீவு மாநிலத்தின் பாடக்கெட் நகரில் 1790 இல் நீராற்றலால் இயங்கும் நூற்புப் பொறிகளை நிறுவினார். அவர் அமெரிக்காவில் அமெரிக்கத் தொழிற்புரட்சியின் தந்தை என்று போற்றப்பட்டார். பெல்பரிலோ துரோகி எனத் தூற்றப்பட்டார். ரோப்பரிடமிருந்து 5 பவுண்டுக்குப் பெற்ற கருத்தால் உயர்ந்த ஸ்ட்ரட்டின் ஆலையிலிருந்து, பிறிதொருவர் எதுவும் கொடுக்காமலே அறிவைக் கொண்டுசென்றது குறிப்பிடத்தக்கது.

குடும்பம்

ஜெடிடையா - எலிசபெத் இணையருக்கு வில்லியம், எலிசபெத், மார்த்தா, ஜார்ஜ் பென்சன், ஜோசப் ஆகிய ஐந்து மக்கள். 1781 இல் ஸ்ட்ரட், ஆன் டேனியல்ஸ் என்னும் கைம்பெண்ணை மணந்துகொண்டார்.

- வில்லியம் ஸ்ட்ரட் (1756–1830): கட்டடப் பொறியியலில் தேர்ந்தவர். 1803 இல் தீயில் அழிந்த பெல்பர் வடக்கு ஆலையை, மரத்துக்கு மாற்றாக இரும்புத் தூண்களையும் உத்திரங்களையும் கொண்டு தீத்தாங்கும் வகையில் 1804 இல் மீளக் கட்டினார். அரச கழகத்தின் உறுப்பினரானார்.
- ஜார்ஜ் பென்சன் ஸ்ட்ரட் (1761–1841): பெல்பர் ஆலைகளை நிருவகித்தார்.
- ஜோசப் ஸ்ட்ரட் (1765–1844): 1840 இல் டார்பி நகர மக்களுக்கு மரப்பூங்கா ஒன்றைக் கொடையாக அளித்தார்.

வில்லியமின் மகன் எட்வர்ட் ஸ்ட்ரட் 1856 இல் பெல்பர் பிரபு என்ற பட்டம் பெற்றார். உழவரின் மகனான ஜெடிடையாவின் பெயரர் இவர்.

இறுதிக் காலமும் மறைவும்

ஸ்ட்ரட் முறையான உயர்கல்வி பெறாதவர். அக்குறையைத் தாமே உணர்ந்திருந்தார். மகன் வில்லியமுக்கு 1774 இல் எழுதிய மடலில், நாகரிகமான நடையுடை பாவனைகளைக் கற்றுக்கொள்ளும்படியும், அதற்காகச் செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் மடல்களைப் படிக்கும்படியும் அறிவுறுத்தினார். தமக்கு இளமையில் அவ்வாய்ப்பு இல்லாமற் போனதை அதில் சுட்டிக்காட்டினார். 1790 அளவில் ஓவியர் டார்பி ஜோசப் ரைட் இவரது உருவப்படத்தைத் தீட்டினார். சாய்ந்து அமர்ந்து, தலையைக் கையில் தாங்கிச் சிந்தனையில் ஆழ்ந்தவராக இவர் அதில் தோன்றுகிறார். அப்படம் டார்பி அருங்காட்சியகத்தில் உள்ளது.

இறுதியாண்டுகளில் டார்பி நகரில் எக்சிட்டர் இல்லத்தில் வாழ்ந்த ஸ்ட்ரட், 1797 மே 7 அன்று காலமானார். தாம் எழுப்பிய பெல்பர் வழிபாட்டிடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். செல்வமோ குடிப்பெருமையோ இன்றித் தொடங்கித் தம் முயற்சியால் உயர்ந்ததைக் குறிப்பிட்டுத் தமக்கான கல்லறை வாசகத்தை அவர் தாமே எழுதி வைத்திருந்தார்.

மரபும் மதிப்பீடும்

ஸ்ட்ரட் குடும்பத்தின் நிறுவனம் 1897 இல் இங்கிலீஷ் சூயிங் காட்டன் கம்பெனியுடன் இணைந்தது. குரோம்போர்டு, பெல்பர், மில்போர்டு, டார்பி ஆகியவற்றை உள்ளடக்கிய டெர்வென்ட் பள்ளத்தாக்கு ஆலைகளை யுனெசுகோ 2001 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

ஆர்க்ரைட்டின் புகழுக்குப் பின்னால் ஸ்ட்ரட்டின் பெயர் பெரிதும் மறைந்துபோயிற்று. எனினும் ரிப் காலுறைகளால் கிடைத்த செல்வமே ஆர்க்ரைட்டின் முதல் நீராலைக்கு முதலீடாயிற்று என்ற வகையில், ஆலைத்தொழிலின் தொடக்கத்தில் ஒரு பின்னல் நுட்பத்துக்கு நேரடிப் பங்குண்டு. கொக்கி ஊசிக்குப் பதிலாகத் தாழ்ப்பாள் ஊசியும், கையியக்கத்துக்குப் பதிலாக மின்னாற்றலும் வந்துவிட்டன. ஆயினும் இரு ஊசித் தொகுதிகள் எதிரெதிர்த் திசைகளில் கண்ணியை இழுத்தல் என்னும் அடிப்படை மாறவில்லை. பனியன், டி-சட்டை ஆகியவற்றின் கழுத்துப் பட்டை, கம்பளிச் சட்டையின் மணிக்கட்டுப் பகுதி, காலுறையின் மேல்விளிம்பு ஆகியவற்றில் ரிப் பின்னல் இன்றும் பயன்படுகிறது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலகங்களிலும் இத்துணி "ரிப்" என்ற பெயராலேயே அழைக்கப்படுகிறது.

காலவரிசை

- 1726 - சவுத் நார்மன்டனில் பிறப்பு
- 1740 - பின்டர்னில் தச்சுத் தொழில் பயிற்சி
- 1755 - எலிசபெத் வூலட்டுடன் திருமணம்
- 1758, 1759 - டார்பி ரிப் பொறிக்குக் காப்புரிமைகள்
- 1771 - குரோம்போர்டு ஆலை தொடக்கம்
- 1774 - பருத்தித் துணிச் சட்டம், எலிசபெத் மறைவு
- 1781 - சாமுவேல் நீட் மறைவு
- 1783 - சாமுவேல் சிலேட்டர் தொழில் பழகச் சேர்தல்
- 1788 - பெல்பர் வழிபாட்டிடம்
- 1797 - டார்பியில் மறைவு

இவற்றையும் பார்க்க

- வில்லியம் லீ
- ரிச்சர்ட் ஆர்க்ரைட்
- சாமுவேல் சிலேட்டர்
- பின்னலாடை
- தொழிற்புரட்சி